அமிர்தம் கேட்டுத்தான் வாங்கினாள்

ரவி, முதலில் பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா மகள் யாழினி பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் ஒன்பது ஏ வாங்கியிருக்கிறாள். தமிழையும் சேர்த்துத்தான் ஒன்பது, அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். அவள் அண்ணன் பிரவினுக்கு சுபாங்கில் விமானம் பழுது பார்க்கும் இடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நெஞ்சில் பெயர் தைத்த சட்டையோடு போகிறான், நான்தான் இஸ்திரி போட்டுத் தருகிறேன். சின்னவள் ஷாலினி நெட்பாலில் சிலாங்கூர் மாநிலத்துக்கு ஆடினாள். அவள் கையை விட்டுப் போன பந்து கூடையைத் தாண்டிப் போனதே இல்லை என்று அவள் டீச்சரே என்னிடம் சொன்னார். உன் மகன் ஆதவன் அங்கே ஆஸ்திரேலியாவில், பெர்த்தில், நீச்சலில் முதலாவதாக வந்ததை நீ சொன்ன அன்றே பாசார் சந்தையில் மீன் விற்கிறவர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியிலிருந்து நின்ற என்னுடைய பேரப்பிள்ளைகள் இவர்கள். ஆனால் கோயிலில் என்னைப் பார்த்து நிற்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "கிள்ளான் அமிர்தத்தோட அண்ணன் பேரப் பிள்ளைங்கதானே ஆன்டி? கலை ரத்தம் லா, சும்மாவா." விமானத்துக்குத் திருகாணி முடுக்குவதில் என்ன கலை ரத்தம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு நாளும் எவரும் அந்த ரத்தம் என் பக்கத்திலிருந்து வந்திருக்குமோ என்று கேட்டதில்லை.

நீ போனில் கேட்டதற்கு மூன்று வாரமாக நான் பதில் சொல்லவில்லை. உன் அத்தை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதமாகிறது, மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது, கண்ணும் மங்கிவிட்டது, கிள்ளானில் நம் வீட்டுக் கீழறையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாய். கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தாய்: "அத்தைய மன்னிச்சிருங்கம்மா. வயசாயிருச்சு." அந்த வார்த்தைக்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை. இந்தப் பதிலை உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் உன் அத்தை மேல் பழி சொன்னது நம் வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தபோது. அப்போது கேட்டவர்களில் பாதிப்பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையும் வாங்குகிறார்கள். ஆகவே இதைப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். யாழினி தட்டச்சு செய்து தருகிறாள். ஒரு வார்த்தையும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், கிள்ளான் அமிர்தம் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. நான் கலியாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது எனக்கு இருபது வயது, அவளுக்குப் பதினேழு. மறுமாதமே தோட்டத்துத் திருவிழா வந்தது. இளைஞர் மன்றத்தார் நாடகம் போட்டார்கள். கதாநாயகிக்கு எப்படியோ ஆள் பிடித்துவிட்டார்கள், கிழவி வேஷத்துக்குத்தான் யாருமில்லை. கலியாணமாக வேண்டிய எந்தப் பெண் தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு பல் போனவளாய் வந்து நிற்பாள்? அமிர்தம் நின்றாள். முன் பல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், நிறமும் மட்டு, தனக்குக் கதாநாயகி வேஷம் வராது என்று அந்த வயதிலேயே கணக்குப் போட்டிருந்தாளோ என்னவோ. மேடைக்கு வந்து வெற்றிலை இடிக்க உட்கார்ந்தாள். வசனம் எதுவும் இல்லை. உரலைத் தேடினாள், மடியிலேயே இருந்தது. அவ்வளவுதான். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பா கண்ணீர் வரச் சிரித்தார். கலியாணமாகி ஒரு மாதத்தில் நான் செய்த எதற்கும் அந்த மனிதர் அப்படிச் சிரித்ததில்லை. அன்றைக்கு விழுந்தது என் மனதில் ஒரு கல். அது பொறாமை என்று அப்போது எனக்குத் தெரியாது. நாத்தனார் அடக்கமில்லாதவள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அவள் வேஷம் போடாத நேரத்தில் என்ன செய்வாள் என்றால், பார்ப்பாள். என்னைத்தான் பார்ப்பாள். உன் அக்கா வயிற்றில் இருந்தபோது நான் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை கொடுத்து நிமிர்வதை, உட்காரும்போது முதலில் தரையைத் தட்டிப் பார்ப்பதை, யாரையாவது திட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திப் பெருமூச்சு விடுவதை, சமையல்கட்டுக் கதவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருப்பாள். அடுத்த வருடம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் கோலாலம்பூர்க் குழுவோடு அவள் நடித்தாள். உன் அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு நாங்களும் போயிருந்தோம். பிள்ளைத்தாய்ச்சியாக மேடைக்கு வந்தாள். தரையை ஒரு தட்டுத் தட்டினாள், இடுப்பில் கை கொடுத்தாள், உட்கார்ந்தாள், திட்ட வாயெடுத்துப் பெருமூச்சு விட்டாள். மண்டபம் கைதட்டியது. உன் அப்பா முழங்கையால் என்னை இடித்து, "பாத்தியா, அப்படியே நீதான்" என்றார். ஆமாம், நான்தான். ஆனால் நான் வீட்டில் உட்காரும்போது ஒருவரும் கைதட்டவில்லையே. என் உடம்பு, என் நோவு, என் மூச்சு, பூமாலை அவள் கழுத்தில்.

அதற்குப் பிறகு அவள் போன தூரம் ஊருக்கே தெரியும். வானொலி நாடகத்தில் பக்கத்து வீட்டு அக்கா, தொலைக்காட்சியில் மாமியார், ஆஸ்பத்திரி ஆயா, பைத்தியக்காரி, பெட்டிக் கடைக்காரி, இருபத்தெட்டு வயதிலேயே நாற்பது வயதுக்காரனுக்கு அம்மா. பகலில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல்கடையில் ரவிக்கை தைப்பாள், அழைப்பு வந்தால் ஊசியை ரவிக்கையிலேயே குத்தி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். கலியாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு மாப்பிள்ளைகள் பார்க்க வந்தார்கள், இரண்டு பேரும் நடிப்பை விடச் சொன்னார்கள், இரண்டு பேருக்கும் கேசரி கொடுத்து அனுப்பிவிட்டாள். எத்தனையோ கதாநாயகிகள் வந்து, கலியாணமாகி, காணாமல் போனார்கள். இவள் நின்றாள். ஒரு தொடரில் நாலே காட்சிதான் வருவாள், அந்த நாலும்தான் மறுநாள் பாசாரில் பேச்சு. என்னோடு கீரை வாங்க வந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டுப் பேசுவார்கள். கீரைக்காரர் அவளுக்கு ஒரு கட்டு அதிகம் வைப்பார். அந்தக் கட்டை அவள் என் கூடையில்தான் போடுவாள். அதுவும் எனக்கு எரியும்.

ஆனால் ரவி, கீரைக்கட்டுக்காக ஒருத்தி மனம் கெட்டுப்போவதில்லை. என் மனம் கெட்டது உன்னால்தான். உனக்கு ஏழு வயதில் ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்குச் சின்னப் பையன் வேண்டும் என்று அத்தை உன்னைக் கேட்டாள். ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு. நானும் சோற்றைக் கட்டிக்கொண்டு கூட வந்தேன். கதைப்படி அவள் அம்மா, வேலைக்காகப் பிள்ளையை விட்டுவிட்டு வேனில் ஏறிப் போகிறாள், பிள்ளை பின்னால் ஓட வேண்டும். இயக்குநர் என்னை வழியோரத்தில், கேமரா கண்ணில் படாத இடத்தில், மரத்தடியில் நிற்கச் சொன்னார். வேன் கிளம்பியது. நீ ஓடி வந்தாய். "அம்மா போகாதீங்கம்மா" என்று கத்திக்கொண்டு, மூக்கு ஒழுக, என்னைத் தாண்டி அவளிடம் ஓடினாய். சத்தம் சரியாகப் பதியவில்லை என்று இன்னொரு தடவை. வெளிச்சம் போதாது என்று மூன்றாவது தடவை. மூன்று தடவையும் என் சேலை உன் மேல் படும் தூரத்தில் என்னைத் தாண்டிப் போனாய், ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. நடிப்புதானே என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன்டா அவ்வளவு அழுத, யார் சொல்லிக் குடுத்தா என்று. நீ சொன்னாய்: "யாரும் சொல்லலம்மா. அத்தை நெசமாவே போயிருவாங்கன்னு நெனச்சேன்." அதோடு உன்னை நடிக்க அனுப்பவில்லை. படிப்புக் கெட்டுவிடும் என்று எல்லாரிடமும் சொன்னேன். படிப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பிறகு நீ கோலாலம்பூரில் கல்லூரிக்குப் போனாய். கிள்ளானிலிருந்து ரயிலில் தினமும் போய் வருவாய். மாலையில் வந்து தட்டில் சோற்றைப் பாதி அளைந்துவிட்டு எழுந்துவிடுவாய். பசி இல்லை என்பாய். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பசியில்லாமல் போகும்? உன் சட்டையில் ஒரு நாள் தையல்கடைச் சாக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் இறங்கி அத்தை கையால் சாப்பிட்டுவிட்டு வருகிறாய் என்று தெரிந்தது. மறுநாளிலிருந்து குழம்பில் மீனைக் கூட்டிப் போட்டேன். அப்படியும் நீ பாதித் தட்டோடுதான் எழுந்தாய். இன்றைக்குச் சொல்கிறேன், அவள் சமையலில் உப்பு எப்போதும் ஒரு கல் குறைவுதான். நீ அங்கே போனது சமையலுக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் அவ்வளவு வலித்தது.

இப்போது சேலைக்கு வருகிறேன். தொலைக்காட்சி நாடகம் என்றால் எல்லாம் அவர்களே கொடுப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கதாநாயகிக்குக் கொடுப்பார்கள். அம்மா வேஷக்காரிகள் அவரவர் சேலையைக் கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் இரவல் வாங்க வேண்டும். அமிர்தம் என்னிடம் பல சேலை வாங்கியிருக்கிறாள், துவைத்துக் கஞ்சி போட்டுத் திருப்பித் தந்துவிடுவாள். உன் அப்பா இறப்பதற்கு நாலு மாதம் முன்னால் ஒரு சனிக்கிழமை காலை வந்தாள். நான் இடியாப்ப மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சாம்பல் நிறத்தில் மெல்லிய கரை போட்ட என் வாயல் நூல்சேலை ஒன்று வேண்டும் என்றாள். உடனே எடுக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணி, இது தாலியறுக்குற காட்சி. சுமங்கலி சேலைய அதுக்குக் கேக்கக்கூடாது, எனக்கே தெரியும். மனசுக்கு ஒரு மாதிரியா இருந்தா வேணாம். நான் வேற எங்கயாச்சும் பாத்துக்கிறேன்."

ரவி, இதை நன்றாகக் கேட்டுக்கொள். வாசிக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் கேட்டாள். என்ன காட்சி என்று சொல்லிவிட்டுக் கேட்டாள். நான் வேண்டாமென்று சொல்ல அவளே வழியும் விட்டாள். நான் மாவுக் கையைக்கூடக் கழுவாமல், "எனக்கு அதுலெல்லாம் நம்பிக்கை இல்ல, அலமாரியில கீழ்த் தட்டுல இருக்கு, எடுத்துட்டுப் போ" என்றேன். பெருந்தன்மையில் சொன்னதில்லை. நாடெல்லாம் பார்க்கிற அமிர்தத்துக்கு ஒன்று வேண்டியிருக்கிறது, அது என்னிடம் இருக்கிறது, அவள் தலை குனிந்து கேட்கிறாள். அந்த நிமிடம் எனக்கு இனித்தது. நாடகம் ஓடிய அன்றைக்கு அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அது என் சேலை" என்று காட்டவும் காட்டினேன். அவள் தாலி இறங்கும்போது அந்தப் பெண்கள் அழுதார்கள். நான் கரை சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மாதத்தில் உன் அப்பா துறைமுகத்தில் லோரியை நிறுத்திவிட்டு இறங்கியவர், படியிலேயே சரிந்துவிட்டார். உனக்கு அன்றைக்கு நடந்தது பாதிதான் நினைவிருக்கும், நீ வாசலில் கொள்ளிச்சட்டிக்காரரோடு நின்றாய். என்னைப் பூவும் பொட்டும் வைத்து உட்கார்த்தியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அப்போது அமிர்தம் வந்தாள். படப்பிடிப்பிலிருந்து நேராக ஓடி வந்திருந்தாள், தலையில் நரைக்குப் பூசிய வெள்ளை அப்படியே இருந்தது. கூட்டம் விலகி அவளுக்கு வழி விட்டது. "அண்ணே" என்று ஒரு குரல் வைத்தாள் பார், தெருவே அழுதது. யாரோ ஒருத்தி அவளுக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். இன்னொருத்தி முதுகைத் தடவினாள். இளம்பெண்கள் எட்டி எட்டி அவள் முகத்தைப் பார்த்தார்கள். செத்தது என் புருஷன். ஆறுதல் போனது அவளுக்கு. நான் வேஷம் கிடைக்காதவள் மாதிரி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் சொன்னேன். உரக்கச் சொன்னேன். "என்னைக் கேக்காம என் சேலையத் தூக்கிட்டுப் போயி தாலியறுத்தவ இவ. இப்ப என் தாலிய நெசமாவே அறுத்துட்டா." அழுகை ஒரேயடியாக நின்றது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். 'நான் கேட்டேனே அண்ணி' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே நான் நாறிப் போயிருப்பேன். அவள் சொன்னது, "ஆமா அண்ணி." அவ்வளவுதான். எழுந்து, கூட்டத்துக்குப் பின்னால் போய், வேலியோரம் நின்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பெண்களெல்லாம் என் பக்கம் வந்தார்கள்.

இருபத்து நான்கு வருடம் அவள் நம் வாசல் ஏறவில்லை. உன் கலியாணத்துக்கு மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிடாமல் போனாள். நம் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அமிர்தம் அண்ணி சேலையைத் திருடி அபசகுனம் பண்ணினவள் என்று. நீயும் அப்படித்தான் நம்பினாய். நம்பியும் அவளைப் போய்ப் பார்த்தாய், அதனால்தான் அவளை மன்னிக்கச் சொல்லி என்னைக் கேட்டாய். அந்தப் போனிலேயே, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாய். "அத்தைக்கு வாய்ப்பு இல்லாமப் போகலம்மா. விதவை வேஷம்னா வரமாட்டேன்னு சொல்லிருவாங்க. அதுல பிடிவாதம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு விட்டுட்டாங்க." நீ அதைப் பிடிவாதம் என்றாய். ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்திக்கு அம்மா வேஷம் என்றால் பத்தில் எட்டு நெற்றியில் பொட்டில்லாத வேஷம்தான். அவள் கைத்தொழிலையே நான் ஒரு வாக்கியத்தில் வெட்டியிருக்கிறேன். அவள் தொலைக்காட்சியில் வருவது குறைந்தபோதெல்லாம் நான் மனதுக்குள், மார்க்கெட் போச்சு என்று சொல்லிக்கொண்டேன். ருசித்துச் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் யாழினியைக் கூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். உனக்குச் சொல்லவில்லை. மூன்று மாடி ஏறுவதற்குள் எனக்கு மூட்டு கழன்றுவிட்டது. கதவைத் தட்டுமுன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது. "தொறந்துதான் இருக்கு, வாங்க அண்ணி." எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ரெண்டாவது மாடியில நின்னு படி கட்டுனவனத் திட்டுனீங்களே. பாதியில விட்டுட்டு மூச்சு வாங்குனீங்க. அத வச்சு நான் எத்தனை வேஷம் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?" யாழினி சிரித்துவிட்டாள். நானும் சிரித்திருப்பேன், சிரிக்கக்கூடாது என்று வந்திருந்தேன். கைத்தடியோடு எழுந்து நின்றாள். நான் கொண்டு போன இடியாப்பத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் நல்லாத்தான் பிழியறீங்க" என்றாள். யாழினியைக் கீழே கடைக்கு அனுப்பினேன். உட்காரவும் தோன்றாமல் நின்றபடியே கேட்டேன். அன்னைக்கு ஏன் ஆமான்னு சொன்ன?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, தையலில் அளவு சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்: "அண்ணி, மேடையில ஒரே நேரத்துல ரெண்டு பேரு அழக்கூடாது. ஒருத்தி அழுதா மத்தவ ஒதுங்கி நிக்கணும். அந்தக் காட்சி உங்களோடது. நான் வந்து எடத்தப் புடிச்சுக்கிட்டேன். எங்க அண்ணன், எனக்கு அடக்க முடியல. நீங்க சொன்னப்பத்தான் தெரிஞ்சுச்சு எல்லாரும் என்னைய பாக்கறாங்கன்னு. நான் இல்லன்னு சொல்லியிருந்தா இன்னும் பாத்திருப்பாங்க. ஒதுங்குனேன், அவ்ளோதான்." அப்புறம் ஏன் இத்தனை வருடமும் சொல்லவில்லை, ரவியிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "பையனுக்கு அம்மாவப் பத்தி நான் சொல்றதா? போங்க அண்ணி." விதவை வேஷத்தைப் பற்றிக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டாள். "உங்க மூஞ்சி ஞாபகம் வந்துரும். வசனம் வராது. நானும் ரெண்டு தடவ பாத்தேன்."

ரவி, அந்த இடத்தில் நான் உருகிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. எனக்குக் கோபம்தான் வந்தது. இதிலும் அவள் என்னைவிட உயர்ந்து நின்றாளே என்றுதான் தோன்றியது. என் பொய்யைக்கூட என்னைவிட அழகாக அவள் சுமந்திருக்கிறாள். நான் இறங்கி வந்து ரயிலில் உட்கார்ந்த பிறகுதான், கிள்ளான் வருவதற்கு இரண்டு நிலையம் முன்னால், யாழினி தோளில் சாய்ந்து அழுதேன். அந்தப் பிள்ளை மூட்டு வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டது.

நீ இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய புத்தி ஒன்று என்னிடம் உண்டென்றால் இதுதான். பொறாமை வரும். வராது என்று யாராவது உனக்குச் சொல்லியிருந்தால் அவர்கள் பொய் சொல்கிறார்கள். எனக்கு எழுபத்திரண்டு வயதாகியும் போகவில்லை, இனிமேலும் போகாது. வந்தால் வீட்டுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொள், குழம்பில் மீனைக் கூட்டிப் போடு, யாரும் சாகமாட்டார்கள். ஆனால் பொறாமையில் நாலு பேர் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டால், அது உண்மையாகிவிடுகிறது. மறுநாளே மாற்றிச் சொல்ல நினைத்தேன். பிறகு முப்பதாம் நாள் காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு வருடத் திவசம். பிறகு எல்லாரும் என்னைப் பாவம் என்று சொல்வது எனக்குப் பழகிவிட்டது. உன் பெண்டாட்டிக்கும் உன் அக்காவுக்கும் நடுவே நீ யாருக்குப் பரிந்து பேசினாலும் அதை உள்ளே வைத்துப் பேசு, கூட்டத்தில் பேசாதே. கூட்டத்தில் பேசினதைத் திரும்ப எடுக்க ஒரு பத்திரிகை வேண்டியிருக்கிறது.

இனி நீ கேட்டதற்குப் பதில். மன்னிக்க என்னிடம் ஒன்றுமில்லை, அந்த வார்த்தையை அவளிடம்தான் நான் கேட்க வேண்டும், இதோ கேட்டுவிட்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கீழறையில் இருந்த பிரவினின் சாமான்களை மாடிக்கு ஏற்றியாகிவிட்டது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இந்தக் கடிதம் பத்திரிகையில் வருகிற அதே நாளில், நம் வீட்டு வாசலில் அவள் இறங்க வேண்டும், தாமான் குடியிருப்பில் இருக்கிறவர்கள் எல்லாரும் வெளியே நின்று பார்க்க வேண்டும். போனில் சொன்னபோது அவளே வேண்டாம் என்றாள், விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் வந்துவிடுகிறேன் என்றாள். இந்த ஒரு தடவை நான் சொல்கிறபடி கேள் என்று சொல்லிவிட்டேன். அடுப்படி மட்டும் என்னுடையது, அதில் பேச்சில்லை. வந்த நாளிலிருந்து ஊர் முழுக்க அவளைப் பார்க்க வந்து நம் ஹாலில் உட்காரும், நான் தேநீர் போட்டே ஓய்ந்துபோவேன், எல்லாரும் அவளிடம் பேசிவிட்டு என்னிடம் டம்ளரை நீட்டுவார்கள். பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு யாராவது விதவை வேஷம் கொண்டு வந்தால், போகச் சொல்லி நானே தள்ளிவிடுவேன், சேலையும் நானே தருவேன். இப்போது எனக்கு அந்தச் சேலைகள்தானே இருக்கின்றன.

அன்றைக்குப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பும்போது அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். உன் முகம் எப்படி மாறியிருக்கிறது என்று கேட்டாள். போனில் உன் படத்தைக் காட்டினேன், வெளிச்சம்தான் தெரிகிறது, முகம் தெரியவில்லை என்றாள். அதனால் ரவி, புதிதாக ஒரு போட்டோ எடுத்து, நன்றாகப் பெரிதாக அச்சுப் போட்டு, தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம். ஒன்று போதும், இரண்டு வேண்டாம். உறையின் மேல் என் பெயரை மட்டும் எழுது. அவளுக்கு நான் காட்டிக்கொள்கிறேன்.

உன்னைப் பெற்ற அம்மா